பொடக்காளியில ஒரு பார்பிக்யூ: வேணுமா, வேண்டாமா?



கோயமுத்தூர்ல புதுசா வீடு கட்டறவங்ககிட்ட ரெண்டு நிமிஷம் பேச்சுக் கொடுத்துப் பாருங்க. "பின்னாடி சின்னதா ஒரு பார்பிக்யூ ஏரியா விட்டிருக்கேனுங்க"ன்னு ஒரு வரி கண்டிப்பா வந்து விழும். வடவள்ளி, சரவணம்பட்டி, காளப்பட்டி, தொண்டாமுத்தூர் ரோடுன்னு எந்தப் பக்கம் போனாலும் இதே பேச்சுதான். 4 சென்ட் சைட்ல வண்டி நிறுத்த இடம் இருக்கோ இல்லையோ, கறி சுட ஒரு மூலை இருந்தே ஆகணும். அபார்ட்மெண்ட் விளம்பரத்துல கூட நீச்சல் குளத்துக்குப் பக்கத்துல இதுக்கு ஒரு படம் போட்டுடறாங்க.

இதுல ரெண்டு கட்சி இருக்கு. "வெள்ளைக்காரன் பண்றதைப் பார்த்து காப்பியடிக்கறானுங்க, நமக்கெதுக்கு இந்த வேலை?"ன்னு ஒரு கட்சி. "வேணும்ங்க, அமெரிக்காவுல மச்சான் வீட்டுல பார்த்தேன், அதே மாதிரி கிரில் ஒண்ணு ஈ.எம்.ஐ.ல போட்டுட்டேன்"னு இன்னொரு கட்சி. நான் ரெண்டுலயும் இல்லை. பார்பிக்யூ இடம் கண்டிப்பா வேணும்ங்கறது என் கட்சி. ஆனா அது எதுக்கு வேணும்ங்கறதுல ஈ.எம்.ஐ. கட்சிக்கும் எனக்கும் ஒத்துப் போகாது.

<b>இது யாரு வூட்டு சொத்து?</b>

முதல்ல "வெள்ளைக்காரன் பழக்கம்" கட்சிக்கு ஒரு பதில். பார்பிக்யூங்கற வார்த்தையே வெள்ளைக்காரனோடது கிடையாது. கரீபியன் தீவுகள்ல இருந்த டைனோ பழங்குடி மக்கள், குச்சிகளைக் கட்டி மேடை மாதிரி பண்ணி, கீழ தீ போட்டு மீனும் கறியும் வாட்டினாங்க. அந்தக் குச்சி மேடையோட பேரு ஸ்பானிஷ்காரங்க வாயில விழுந்து பார்பகோவா ஆச்சு, அப்புறம் இங்கிலீஷ்ல பார்பிக்யூ ஆச்சு. அவ்வளவுதான் சங்கதி.

கறியை இரும்புக் கம்பியில கோத்து நெருப்புல சுடறது நமக்கும் புதுசில்லை. பொருநராற்றுப்படையில கரிகாலன் தன்னைப் பாட வந்தவனுக்கு அப்படிச் சுட்ட கறியைத்தான் திகட்டத் திகட்டப் போடறான்.

அவ்வளவு தூரம் கூடப் போக வேண்டாம். நம்ம கொங்குப் பக்கமே பாருங்க. கடலைக்காய் பறிக்கற சமயத்துல காட்டுக்குள்ளயே காஞ்ச சருகையும் பனை ஓலையையும் போட்டுக் கொளுத்தி, செடியோட கடலைக்காயைச் சுட்டு, ஊதி ஊதித் தின்ன கை எத்தனை! பால் பிடிச்ச சோளக்கதிரைத் தணல்ல வாட்டி, உள்ளங்கையில கசக்கித் தின்னது மறந்து போச்சா? நோம்பிக்குக் கெடா வெட்டினா, கறி அடுப்புக்கு ஏறுறதுக்கு முன்னாடியே குழந்தைகளுக்கு ஈரல் துண்டைக் கம்பியில குத்தித் தணல்ல காட்டிக் கொடுப்பாங்க. உடம்புல ரத்தம் இல்லைன்னா சுவரொட்டி. மிச்சக் கறியில உப்பும் மஞ்சளும் தடவிக் கயித்துல கோத்துக் காயப்போட்டா உப்புக்கண்டம், அதையும் தணல்ல சுட்டு அம்மியில ஒரு தட்டு தட்டினாதான் ருசி. இதுக்கெல்லாம் யாரும் பேரு வைக்கலை, அதனால பெருமையும் வரலை :-)

இன்னொண்ணும் இருக்கு. எனக்குத் தெரிஞ்ச பல வீடுகள்ல கறியை உள் அடுப்புல ஏத்த மாட்டாங்க. கறிக்குன்னு தனிச் சட்டி, தனிக் கரண்டி, வெளிய தனியா ஒரு அடுப்பு. அந்த அடுப்பு இருந்த இடம்தான் பொடக்காளி. மத்த ஊர் மக்களுக்காகச் சொல்றேன்: வீட்டுக்குப் பின்னாடி இருக்கற புழக்கடை, கொல்லைப்புறம். வெந்நீர் அண்டா, துவைக்கற கல்லு, கறிவேப்பிலை மரம், கோழிக் கூடு எல்லாம் அங்கதான். (கார்டன்னு சொல்றதைத் 'தோட்டம்'னு எழுதினா எங்க ஊர் பெருசுங்க சிரிக்கும். இங்க தோட்டம்னா கிணத்துத் தண்ணி பாயற நிலம். மானம் பார்த்தது காடு.)

ஆக, நம்ம கிட்ட இருந்ததுதான். வீடு கட்டறப்ப பொடக்காளியை மூடிக் கட்டடம் ஆக்கினோம், மிச்சம் இருந்த மண்ணு மேல டைல்ஸ் ஒட்டினோம், இப்ப அதே இடத்தைப் 'பார்பிக்யூ ஏரியா'ன்னு காசு கொடுத்துத் திரும்ப வாங்கறோம்.

<b>ஆனா பழம்பெருமை பேசி ஏமாந்துறாதீங்க</b>

இந்த இடத்துல நிறுத்தி, "ஆகா, நம்ம முன்னோர்கள்..."னு கண்ணீர் விட்டுட்டுப் போயிடலாம். நிறையப் பேரு அப்படித்தான் எழுதறாங்க. எனக்கு அது ஒத்துக்காது. காரணம் எங்க அம்முச்சி. (அம்மாவோட அம்மாவை நாங்க அப்படித்தான் கூப்பிடுவோம்.) அடுப்பு கட்டப் போறேன்னு போன்ல சொன்னப்ப ஒரு நிமிஷம் பேச்சே இல்லை. அப்புறம் கேட்டாங்க:

"ஏங்கண்ணு, அந்தப் பொகையில இருந்து தப்பிச்சு வர எங்களுக்கு எத்தனை வருசம் ஆச்சு தெரியுமா? நீ காசு குடுத்து அதை வாங்கறயா சாமி?"

நியாயமான கேள்வி. ஈர விறகை வெச்சு ஊதுகுழல்ல ஊதி ஊதி, கண்ணு எரிஞ்சு, நெஞ்சு கமறி, மூணு வேளையும் சமைச்ச பொம்பளைங்களுக்கு வெளி அடுப்புங்கறது மலரும் நினைவு ஒண்ணும் கிடையாது. தமிழ்நாட்டுல 2006-க்கு அப்புறம் இலவச கேஸ் அடுப்பு வந்ததும், 2016-ல மத்திய அரசு உஜ்வலா திட்டத்துல இணைப்பு கொடுத்ததும் சும்மா இல்லை. வீட்டுக்குள்ள விறகுப் புகையைச் சுவாசிக்கறது நுரையீரலையும் இதயத்தையும் கெடுக்கும்னு மருத்துவம் தெளிவாச் சொல்லியாச்சு. புகைக்கு உள்ள வேலை செஞ்சவங்களும், ஞாயித்துக்கிழமை ஒரு நாள் புகைக்குப் பக்கத்துல நின்னு போட்டோ எடுக்கறவங்களும் ஒண்ணில்லைங்க.

அப்ப எதுக்குத்தான் பார்பிக்யூ? எதுக்குன்னா, சமைக்கறவங்க தனியா நிக்கக் கூடாதுங்கறதுக்காக.

எங்க ஊர்ல ஒறம்பரை (அதாவது விருந்தாளி, சொந்தக்காரங்க) வந்தா என்ன நடக்கும்? ஆம்பளைங்க முன்னறையில உக்காந்து மஞ்சள் விலை, கொப்பரை விலை, எவன் எந்த சைட்டை எவ்வளவுக்கு வித்தான்னு பேசுவாங்க. அடுப்படியில ஒரு பொம்பளை வேர்த்து ஊத்திக்கிட்டு நிப்பாங்க. முதல் பந்தி ஆம்பளைங்களும் குழந்தைகளும். அப்புறம் வந்த ஒறம்பரைப் பொம்பளைங்க. கடைசியில, ஆறிப்போன சோத்தோட, கொழம்புல கறி தேடிக்கிட்டு, சமைச்சவங்க. "கவிச்சி நாத்தத்துலயே நின்னு வயிறு ரொம்பிப் போச்சுங்க"ன்னு ஒரு சமாதானம் வேற. இதை எத்தனை வீட்டுல கேட்டிருப்பீங்க!

விந்தை என்னன்னா, இதே ஊர்ல கல்யாணச் சமையல் முழுக்க ஆம்பளைங்கதான். குழி வெட்டி, கோட்டை அடுப்பு போட்டு, ஆயிரம் பேருக்கு அனாயாசமாப் பொங்கி இறக்குவாங்க. அதாவது அடுப்பு ஊருக்கு நடுவுல, நாலு பேரு பார்க்கற மாதிரி இருந்தா ஆம்பளைக்குச் சமைக்கத் தெரியும். சுவத்துக்குப் பின்னாடி போயிட்டா மறந்துரும். வியாதி இடத்துலதான் இருக்கு :-)

பார்பிக்யூ இந்த இடத்தை மாத்துது. அடுப்பு வெளிய வருது, நாலு பக்கமும் ஆள் நிக்கலாம். ஒரே நேரத்துல மொத்தமும் வேகாது, அஞ்சு அஞ்சு துண்டாத்தான் வரும். அதனால முதல் பந்தி, கடைசிப் பந்தின்னு பிரிக்கவே முடியாது. சுடறவரும் தின்னுக்கிட்டே சுடலாம். எனக்கு இதுல பிடிச்சதே அதுதான்.

<b>அமெரிக்காக்காரன் விட்ட ஓட்டை</b>

இதுலயும் ஒரு உள்குத்து இருக்கு, சொல்லிடறேன். இன்னைக்கு உலகம் பூரா விக்கற உருண்டை கிரில்லைக் கண்டுபிடிச்சவர் ஜார்ஜ் ஸ்டீபன். சிகாகோவுல வெபர் பிரதர்ஸ்ங்கற இரும்புப் பட்டறையில வேலை பார்த்தவர். கடல்ல, ஏரியில மிதக்கற மிதவைக்கு இரும்புக் குண்டு செய்யற பட்டறை அது. திறந்த அடுப்புல காத்தும் சாம்பலும் படுத்தற பாட்டைத் தாங்க முடியாம, 1952-ல மிதவைக் குண்டை ரெண்டாக்கி, ஒண்ணுல கால் வெச்சு, இன்னொண்ணை மூடியாக்கினார். நம்ம கணபதி, பீளமேடு பட்டறைக்காரங்க யாராச்சும் செஞ்சிருக்க வேண்டிய வேலை!

ரெண்டாம் உலகப் போருக்கு அப்புறம் அங்க ஊருக்கு வெளிய தனித்தனி வீடும் புல்வெளியுமா வாழ்க்கை மாறினப்ப இந்த கிரில் சக்கைப்போடு போட்டுச்சு. அப்பா கிரில் முன்னாடி ஏப்ரன் கட்டிக்கிட்டு நின்னார், எல்லாரும் கை தட்டினாங்க. கறியை முந்தின ராத்திரியே ஊற வெச்சது, காய் நறுக்கினது, தட்டு எடுத்துட்டு வந்தது, கடைசியில பாத்திரம் கழுவினது எல்லாம் அம்மா. பாராட்டு மட்டும் இடம் மாறுச்சு, வேலை மாறலை.

அந்த ஓட்டையை நாம அடைக்கணும்னா அடுப்பைக் கட்டறப்பவே அடைக்கணும். கீழ சொல்றது எல்லாம் அதுக்காகத்தான்.

<b>சரி, எப்படிக் கட்டறது?</b>

<b>1. குழாயும் மேடையும் முதல்ல, அடுப்பு அப்புறம்.</b> அடுப்புக்கு ரெண்டு எட்டு தள்ளி ஒரு தண்ணிக் குழாய், ஒரு கழுவற தொட்டி, மூணடி நீளத்துக்கு நறுக்கற மேடை. இது இல்லைன்னா ஒவ்வொரு வெங்காயத்துக்கும் உள்ள இருக்கறவங்களைத்தான் கூப்பிடுவீங்க. "அம்மணி, அந்தக் கத்தியைக் கொண்டா", "அம்மணி, உப்பு எங்க"ன்னு கத்திக்கிட்டே இருந்தா அது பார்பிக்யூ இல்லை, அடுப்படிக்கு ஒரு கிளை ஆபீஸ். கழுவின தண்ணி வாழைக்குப் போற மாதிரி வாய்க்கால் விட்டுடுங்க.

<b>2. காத்து எந்தப் பக்கம்?</b> கோயமுத்தூர்ல இதுதான் பெரிய சமாச்சாரம். மேற்கு மலைத்தொடர்ல பாலக்காட்டுக் கணவாய்னு கிட்டத்தட்ட 30 கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு வாசல் திறந்து கிடக்கு. தென்மேற்குப் பருவக்காத்து அது வழியாத்தான் நம்ம ஊருக்குள்ள நுழையுது. பல்லடம், உடுமலை, பொள்ளாச்சி பக்கமெல்லாம் காத்தாடி நட்டு மின்சாரம் எடுக்கறது அந்தக் காத்தை நம்பித்தான். ஆடி மாசம் அந்தக் காத்துல திறந்த அடுப்பு வெச்சா, கங்கு பறந்து பக்கத்து வீட்டுத் துணியில உக்காரும். அதனால அடுப்புக்கு மேற்கால நெஞ்சு உசரத்துக்கு ஒரு சுவர் கட்டாயம். சமைக்கறவங்க தெற்கையோ வடக்கையோ பார்த்து நின்னா புகை மூஞ்சியில அடிக்காது. காத்து பலமா இருக்கற அன்னைக்குத் தீயே போடாதீங்க. மழை நமக்கு அதிகமா வர்றது ஐப்பசி, கார்த்திகையில. தை, மாசி பொழுதோடதான் இதுக்கு லாயக்கான நேரம்.

<b>3. செங்கல்.</b> மூணடி அகலம், ரெண்டடி ஆழம், ரெண்டே முக்கால் அடி உசரம், மூணு பக்கம் சுவர், முன்பக்கம் திறப்பு. 200 செங்கல் போதும். புதுச் செங்கல் வாங்காதீங்க. தடாகம் பள்ளத்தாக்குல செம்மண்ணை எவ்வளவு ஆழத்துக்குத் தோண்டினாங்கன்னும், 2021-ல 180-க்கும் மேற்பட்ட சூளைகளை மூட வேண்டி வந்ததும் நம்ம ஊர்க்காரங்களுக்குத் தெரியும். பழைய வீடு இடிக்கற இடத்துல சுத்தம் பண்ணின செங்கல் கிடைக்கும், அதுவே போதும். நெருப்பு நேரா படற உள்பக்கம் மட்டும் உலைக்குப் போடற தீச்செங்கல் ஒரு வரி. அங்க சிமெண்ட் பூசாதீங்க, சூட்டுல வெடிச்சு உதிரும். களிமண்ணும் மணலும் குழைச்சுப் பூசணும். கடப்பாக்கல்லு, கிரானைட் எல்லாம் நறுக்கற மேடைக்கு மட்டும்தான். தணல் பட்டா விரிசல் விடும். ஆத்துல பொறுக்கின கூழாங்கல்லை அழகுக்குன்னு தீக்குள்ள வெச்சுராதீங்க. உள்ள ஈரம் இருந்தா வெடிச்சுச் சிதறும்.

<b>4. கம்பி வலை.</b> எங்க ஊரு பம்ப்செட்டுக்கும் கிரைண்டருக்கும் பேர் போன ஊரு. தெருவுக்கு ஒரு லேத்து, ஒரு வெல்டிங் பட்டறை. அளவு சொன்னா பொழுதோட செஞ்சு கொடுத்துருவாங்க. ஒரே ஒரு கண்டிஷன்: ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி வேணும், இல்லைன்னா வார்ப்பு இரும்பு. ஜி.ஐ. கம்பி வேண்டவே வேண்டாம். அது மேல இருக்கற துத்தநாகப் பூச்சு கடும் சூட்டுல புகையா வரும். உக்கடத்துல பழைய இரும்புக் கடையில டிரம் வாங்கிப் பாதியா அறுத்துக்கறவங்களும் இருக்காங்க. தப்பில்லை, ஆனா ரசாயனம் வந்த டிரம்மா இருந்தா தொடாதீங்க. வலையை ரெண்டு உசரத்துல மாட்டற மாதிரி சுவத்துல கம்பி விடச் சொல்லுங்க: தணலுக்கு மேல ஆறு அங்குலத்துல ஒண்ணு, பத்து அங்குலத்துல ஒண்ணு. வலை ரெண்டா இருக்கட்டும், கறிக்கு ஒண்ணு, காய்க்கு ஒண்ணு. ஏன்னு அப்புறம் சொல்றேன்.

<b>5. உக்கார இடம்.</b> இதைத்தான் நிறையப் பேரு மறந்துடறாங்க. அடுப்பைச் சுத்தி, ஆறேழு அடி தள்ளி, ஒண்ணரை அடி உசரத்துல அரைவட்டமா ஒரு திண்ணை. பிளாஸ்டிக் சேர் போட்டா ஆம்பளைங்க இழுத்துட்டுப் போய்த் தனியா வட்டம் போட்டுருவாங்க. திண்ணையை யாரும் இழுத்துட்டுப் போக முடியாது. பெருசுங்க, குழந்தைங்க, சமைக்கறவங்க எல்லாம் ஒரே பேச்சுக்குள்ள இருப்பாங்க. மிச்ச இடத்தை மண்ணாவே விடுங்க, டைல்ஸ் வேண்டாம். மழைத்தண்ணியும் இறங்கும், கங்கு விழுந்தாலும் கவலையில்லை.

ஒரு 'கார்டன் டிசைனர்' எங்கிட்ட இதே வேலைக்கு 1,40,000 ரூபாய் சொன்னாருங்க, கல்லுல சிங்க மூஞ்சி உட்பட. பழைய செங்கல், கொத்தனார் ரெண்டு நாள் கூலி, பட்டறைக் கம்பி வலை, குழாய் வேலை எல்லாம் சேர்த்து எனக்கு ஆனது 14 ஆயிரத்துச் சொச்சம். சிங்கம் மட்டும் இல்லை, அதுக்குப் பதிலா நான் நிக்கறேன்.

<b>கரியும் தீயும்</b>

கரிக்கு இறக்குமதிப் பாக்கெட் எதுக்குங்க? காங்கேயம், பொள்ளாச்சி பக்கம் தேங்காத்தொட்டிக் கரி மலை மலையா இருக்கு. தண்ணி வடிகட்டவும் காத்தைச் சுத்தம் பண்ணவும் உதவற கார்பனாக்கி வெளிநாட்டுக்கெல்லாம் அனுப்பறாங்க. நம்ம தெரு இஸ்திரிக்காரர் பெட்டியில போடறதும் அதே கரிதான், எங்க வாங்கறார்னு அவரையே கேளுங்க. பத்தறதுக்குக் கொஞ்சம் நேரம் ஆகும், பத்திக்கிட்டா நல்ல சூடு, நின்னு எரியும், புகை கம்மி. ஆனா ஒண்ணை மனசுல வெச்சுக்கணும். ஒரு கிலோ கரிக்கு மூணு கிலோவுக்கு மேல தொட்டி எரியுது. குழி வெட்டி எரிச்சு, தண்ணி ஊத்தி அணைக்கற இடங்கள்ல சுத்துப்பட்டு ஊர்க்காரங்க கிணத்துத் தண்ணி கெடுதுன்னு போராடியிருக்காங்க. அதனால அள்ளி அள்ளிக் கொட்டாதீங்க. பத்துப் பேருக்கு ரெண்டு கிலோ தாராளம்.

பத்த வைக்கத் தேங்காய் நாரும் காகிதமும் போதும். பெட்ரோல், மண்ணெண்ணெய் ஊத்தற வீரம் வேண்டாம். கரி மேல வெள்ளைச் சாம்பல் போர்வை விழற வரைக்கும் இருபது, முப்பது நிமிஷம் பொறுக்கணும். தீ நாக்கு நீட்டறப்ப கறியை வெச்சா வெளிய கரி, உள்ள பச்சை. அடுப்பு வீட்டுச் சுவத்துல இருந்தும் தென்னை மரத்துல இருந்தும் பத்தடியாச்சும் தள்ளி இருக்கணும். மேல ஈ.பி. வயர் போகக் கூடாது. ஒரு குடம் தண்ணி எப்பவும் பக்கத்துல இருக்கணும்.

இதைக் கொஞ்சம் சத்தமாவே சொல்றேன்: <b>குளிருதுன்னோ மழைன்னோ கரி அடுப்பை அறைக்குள்ள, கூடாரத்துக்குள்ள கொண்டு போகாதீங்க.</b> 2024-ல கொடைக்கானலுக்குச் சுத்திப் பார்க்கப் போன ரெண்டு பேரு, பார்பிக்யூ அடுப்பை அறைக்குள்ள வெச்சுட்டுத் தூங்கி, எந்திரிக்கவே இல்லை. கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. கங்கு அணைஞ்ச மாதிரி தெரிஞ்சாலும் அது வந்துக்கிட்டேதான் இருக்கும்.

<b>பக்கத்து வீட்டு மூக்கு</b>

4 சென்ட் வீட்டுல நம்ம புகைக்குக் காம்பவுண்டுச் சுவர் தெரியாது. பக்கத்து வீட்டுல ஆஸ்துமாக்காரர் இருக்கலாம், சைவம் சாப்பிடறவங்க இருக்கலாம், புரட்டாசி விரதமா இருக்கலாம். முந்தின நாளே ஒரு வார்த்தை சொல்லிட்டா பாதிச் சண்டை குறையும். அவங்களையும் வரச் சொல்லிட்டா மீதியும் போயிரும். அதுக்குத்தான் ரெண்டாவது வலை. கறி படாத வலை ஒண்ணு தனியா இருக்குன்னு தெரிஞ்சா சைவக்காரங்களும் வந்து உக்காருவாங்க.

அவங்களுக்கு என்ன கொடுக்கறது? பஞ்சமே இல்லைங்க. சோளக்கதிர், சக்கரைவள்ளிக் கிழங்கு, கம்பியில கோத்த சின்ன வெங்காயம், காளான், நேந்திரம்பழம். முழுக் கத்திரிக்காயைச் சுட்டுத் தோலுரிச்சு, பச்சை மிளகாயும் நல்லெண்ணெயும் விட்டுக் கடைஞ்சா கறிக்காரனே கறியை விட்டுட்டு வருவான்.

கறிக்காரங்களுக்கு ஒரு குறிப்பு. நாட்டுக்கோழி கொழம்புக்குத்தான் ராஜா. வலையில போட்டா ரப்பர். சுடறதுக்கு பிராய்லர்தான் சரி. சுகுணா 1984-ல உடுமலையில ஆரம்பிச்சு வளர்ந்ததும், பல்லடம் பக்கமெல்லாம் கோழிப்பண்ணையா ஆனதும் தெரிஞ்ச கதைதானே, கறிக்கு இங்க பஞ்சமில்லை. மசாலாவுக்கும் பாக்கெட் வேண்டாம். வரமிளகாய், மல்லி, சீரகம், சின்ன வெங்காயம், இஞ்சி, பூண்டு, 2019-ல புவிசார் குறியீடு வாங்கின நம்ம ஈரோட்டு மஞ்சள், கொஞ்சம் தயிர். ராத்திரியே பிசைஞ்சு வெச்சுருங்க. பிசையறதும் தீ மூட்டறவரோட வேலைதான், மறந்துராதீங்க.

உடம்பைப் பத்தியும் ரெண்டு வரி. கொழுப்பு தணல்ல சொட்டிப் புகையற புகையிலயும், கருகின தோலுலயும் புத்துநோயைத் தூண்டற பொருள்கள் இருக்கு. ஆட்டுக்கறி, மாட்டுக்கறி மாதிரி சிவப்புக் கறியே புத்துநோய்க்குக் காரணமா இருக்கலாம்னு உலக சுகாதார நிறுவனத்தோட புத்துநோய் ஆராய்ச்சி அமைப்பு 2015-ல வகைப்படுத்தியிருக்கு. அதுக்காகப் பயந்து ஓட வேண்டாம். மாசத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவைன்னு வெச்சுக்கலாம். கொழுப்பை நறுக்கி எடுத்துருங்க, அடிக்கடி திருப்பிப் போடுங்க, கருகினதை வீசிடுங்க. தின்னு முடிச்ச பேப்பர் தட்டு, பிளாஸ்டிக் டம்ளரை மட்டும் தணல்ல போட்டு எரிக்காதீங்க. குப்பையைத் திறந்த வெளியில எரிக்கறது சட்டப்படியே தப்பு. வாழை இலை இருக்கறப்ப அது எதுக்கு?

<b>முடிவா என்ன சொல்ல வர்றேன்?</b>

அடுப்பு கட்டி முடிச்சதும் நம்ம வீட்டுல நாங்க மூணு சட்டம் போட்டோம். ஒண்ணு, வழக்கமா அடுப்படியில நிக்கறவங்க அன்னைக்குத் திண்ணையில உக்காரணும், எந்திரிக்கக் கூடாது. ரெண்டு, முதல்ல வெந்த துண்டு வழக்கமா கடைசியில சாப்பிடறவங்களுக்கு. மூணு, தீ மூட்டினவன்தான் கம்பி வலையைக் கழுவணும், மறுநாள் காலையில இல்லை, அன்னைக்கு ராத்திரியே.

மூணாவது சட்டம்தான் கஷ்டம். சூடு ஆறினதுக்கப்புறம் தேங்காய் நாரும் சாம்பலும் போட்டு முக்கால் மணி நேரம் தேய்க்கறப்பதான், இத்தனை வருஷமா பிரியாணி அண்டாவை யாரு தேய்ச்சாங்கன்னு கை வழியா புத்திக்கு ஏறும்.

வலையைத் தேய்க்க நீங்க தயாரா இருந்தா, பார்பிக்யூ இடம் தாராளமா வையுங்க. அம்முச்சி கேட்ட கேள்விக்கு எனக்குத் தெரிஞ்ச ஒரே பதில் இதுதான்: புகை எனக்கு, திண்ணை உங்களுக்கு. அதுக்குத் தயார் இல்லைன்னா அந்த மூலையில ஒரு முருங்கை மரம் நட்டுருங்க. அதுவாச்சும் யாரையும் வேலை வாங்காம காய்க்கும்.

டிஸ்கி: ஆறின சாம்பலைச் செடிக்குப் போடலாம், ஆனா ஒரே இடத்துல கொட்டாதீங்க. நம்ம ஊர்க் கரிசல் மண்ணு ஏற்கெனவே கார மண்ணு. அப்புறம், உங்க ஊர்ல பொடக்காளிக்கு என்ன பேரு, அங்க எதைச் சுட்டுத் தின்னீங்கன்னு நீங்களும் ஒரு பதிவு போடுங்க மக்களே. படிக்கறதுக்கு நான் ரெடி, ஒரு கையில சோளக்கதிரோட :-)